அரைப் புள்ளியின் நேர்மை

2008 அக்டோபர் 29. ஜெர்மனியின் பான் நகரில் உலக சாம்பியன் போட்டியின் பதினோராவது ஆட்டம். ஆனந்த் 6, கிராம்னிக் 4. பட்டத்துக்கு ஆனந்துக்கு அரைப் புள்ளி போதும். அதுவரை வெள்ளைக் காய்களோடு ராணிக்கு முன்னிருக்கும் சிப்பாயையே நகர்த்தி வந்தவர், அன்று ராஜாவுக்கு முன்னிருப்பதைத் தள்ளினார். ஜெயித்தே தீரவேண்டிய கிராம்னிக், சிசிலியன் நஜ்டார்ஃபைத் தேர்ந்தார். அதைவிடக் கத்திமுனையான தொடக்கங்கள் குறைவு. ஆனந்த் ஒதுங்கவில்லை. மந்திரியை ஜி5க்குக் கொண்டுபோய், எட்டாவது நகர்த்தலில் அதைக் கொடுத்துக் குதிரையை வெட்டினார். கறுப்பு ராஜா கடைசிவரை கோட்டை கட்டவில்லை. 22ஆவது நகர்த்தலில் ராணிகள் வெட்டுப்பட்டன, 24இல் சமன்.

"கத்தியை உருவிட்டு, 24 மூவ்ல கை குலுக்கினா எப்படிப்பா?" என்கிறாள் என் மகள். ரவுண்ட் ராக்கில் பிறந்து, வார இறுதிப் போட்டிகளில் ஆடுபவள். அவள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கூர்மையான தொடக்கம் எதிராளிக்கும் பார்ப்பவர்களுக்கும் தரும் வாக்கு மாதிரி. (போட்டி அரங்க வாசலில் காத்திருக்கும் நம்மவர்கள் "டிராவா?" என்று கேட்பதில் துக்கம் விசாரிக்கும் தொனி உண்டு. அது வேறு விஷயம்.)

எது போலிச் சமன்? 2023இல் சமர்கண்டில் நடந்த உலக பிளிட்ஸ் போட்டியில் நெப்போம்னியாஷியும் துபோவும் குதிரைகளை மட்டும் இங்கும் அங்கும் உலாவவிட்டுச் சமன் செய்தார்கள். நடுவர்கள் இருவருக்கும் பூஜ்யம் போட்டார்கள். சரியான தீர்ப்பு.

சிக்கலானது இன்னொன்று. நஜ்டார்ஃபிலேயே, கறுப்பு ராணி பி2 சிப்பாயைத் தின்னும் கிளையில், கம்ப்யூட்டர் கடைசிவரை அலசிவைத்த பாதைகள் உண்டு. காய்கள் பலியாகும், ராஜா ஓடும், முடிவில் தொடர் செக்கில் சமன். இருவருக்கும் மனப்பாடம் என்றால், வெளியே போர், உள்ளே தூக்கம். பேசிச் சமன் செய்வதைத் தடுக்கும் சோஃபியா விதியும் இதைத் தொடமுடியாது.

"படிச்சதை எழுதினா காப்பியாப்பா?" என்று இதற்கு மட்டும் வாதாடுகிறாள்!

காப்பி இல்லைதான். ஆனால் எதிராளி பாதை மாறினால் தனியாக நின்று ஆடத் தயாரா என்பதுதான் எனக்குக் கேள்வி. ஆனந்த் தயாராக இருந்தார். ஆபத்து நிஜமாக இருக்கும் இடத்தில் கிராம்னிக்கைச் சந்தித்தார். அவர் கடன்பட்டிருந்தது அவ்வளவுதான். அதற்குமேல் ரத்தம் சிந்திக் காட்டவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. போதும் என்று நிறுத்துவது கோழைத்தனம் என்று விசா, கிரீன் கார்டு, அடுத்த வீடு என்று ஓடிப் பழகிய நமக்குத் தோன்றலாம்.

மகள் ஒப்பவில்லை. "கிராம்னிக்குக்கு அரைப் புள்ளி எதுக்கு?" என்கிறாள். ராணிகள் போனபின் ஜெயிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்றேன்.

"ஆடிப் பாத்திருக்கலாமே" என்றாள்.