மெட்டு யாருடையது?

ஒரு புதிய பாட்டைக் கேட்டவுடன், "இது அந்தப் பழைய பாட்டின் மெட்டல்லவா?" என்று கண்டுபிடித்துவிட்டால் நம்மில் பலருக்கு ஒரு பூரிப்பு; திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதைப் போல! ஆனால், இருக்கும் மெட்டில் இன்னொருவர் பாடுவது உண்மையிலேயே திருட்டுத்தானா?

புதுக்கோட்டைச் சீமையின் கிராமங்களில் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம் நடக்கும். வள்ளி வேஷக்காரர் ஓரூர், வேலன் மற்றோரூர், நாரதர் வேறோரூர். ஒத்திகை என்பதே கிடையாது. ஆர்மோனியக்காரர் மெட்டை எடுப்பார். மிருதங்கம் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான், நாடகம் நடந்துவிடும். மெட்டு எல்லாருக்கும் பொது என்பதனால்தான் இந்த அதிசயம் நடக்கிறது. நேற்று ஒரு வள்ளி பாடிய மெட்டில் இன்று வேறொரு வள்ளி பாடுகிறார். அவரைத் திருடி என்று யாரும் சொல்வதில்லை. "நேற்றையதைவிட நன்றாயிருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922), புதுக்கோட்டையில் மான்பூண்டியா பிள்ளையின் ஆதரவில் தங்கித் தாள நுட்பம் கற்றவர். பிள்ளையவர்களோ, கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றி வைத்தவர். அவர் வித்தையைத் தம் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் நமக்கு எவ்வளவு நஷ்டம்!

கடல் கடந்த ஜமைக்காத் தீவிலும் இதே வழக்கம் உண்டு. வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் ஒரு தாளக்கட்டை அங்கே 'ரிடிம்' என்கிறார்கள். ஒரே ரிடிமின்மேல் பல பாடகர்கள் தத்தம் பாட்டைப் பாடுவார்கள். 1985-ல் வந்த 'ஸ்லெங் டெங்' என்ற ரிடிம் ஒன்றின்மேல் மட்டும் நூற்றுக்கணக்கான பாட்டுகள் பிறந்தன.

ஆகவே, எடுப்பது குற்றமில்லை என்பதே என் கட்சி. ஊருணியில் தண்ணீர் முகப்பவனை யார் திருடன் என்பார்கள்?

ஆனால் விவகாரம் இதோடு முடிந்துவிடவில்லை. அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும், 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சிட்டிருப்பார்கள். படிப்பவர் பாடிப் பார்க்க அது வசதி. வாங்கியதை ஒப்புக்கொள்ளும் நாணயமும் அதில் இருந்தது. எடுத்ததை மறைக்கும்போதுதான் களவு பிறக்கிறது.

அந்த நாணயத்திலும் ஒரு குறை உண்டு. பாட்டின் பெயர் இருக்கும். மெட்டுக் கட்டியவன் பெயர் இராது. ஜமைக்காவிலும் வாத்தியக்காரர்கள் பலர் அன்றன்றைய கூலியை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் வாசித்த ரிடிமோ பல ஆண்டுகள் பிறருக்குப் பணம் ஈட்டித் தந்தது. நம்மூர் ஆர்மோனியக்காரர் கதையும் அதிக வித்தியாசமானதல்ல. பாடியவருக்கு மாலை விழும். விடிய விடிய மெட்டைத் தாங்கி நின்றவருக்கு ஓரிரவுச் சம்பளம்.

'கலை பொதுச் சொத்து' என்று நாமெல்லாம் பெருந்தன்மையாகப் பேசுகிறோம். பேசலாம். ஆனால் அந்தப் பெரிய வார்த்தை, ஏழைக் கலைஞனுக்குச் சேரவேண்டியதைக் கொடாமல் தப்பிக்கும் சாக்காகிவிடக் கூடாது. ஊருணித் தண்ணீர் எல்லாருக்கும் உரியதுதான். அதை வெட்டியவன் மட்டும் தாகத்தோடு கரையில் நிற்பானென்றால், அந்த ஊரைத் தர்மமுள்ள ஊர் என்று எப்படிச் சொல்வது?