எதிர்வெயிலில் நின்று பார்!

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அடுத்தடுத்துத் தோற்றவன் நான். அந்தத் தோல்விகள் கற்றுத் தந்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும் தம்பி! தங்கையே, உன்னிடமும்தான்!

புனேயை அடுத்த பிம்ப்ரியில் லேத் ஓட்டுகிறேன். சனிக்கிழமை இரண்டாம் ஷிப்ட் முடித்து அறைக்கு வரும்போது நள்ளிரவாகிவிடும். மூன்றரைக்கு அலாரம். நண்பர்கள் நான்கு பேர் டீசல் காசைப் பங்கு போட்டுக்கொண்டு, புனேயைக் கடந்து, ஜெஜுரி, மோர்காவ் வழியாக பாராமதி தாலுகாவில் இருக்கும் சுபே கிராமத்துக்குப் போவோம். அங்கேதான் மயூரேஷ்வர் வனவிலங்குச் சரணாலயம். 1997-இல் அறிவிக்கப்பட்டது. மொத்தப் பரப்பே 5.14 சதுர கிலோமீட்டர்தான். முள்மரங்களும் புல்லும் காய்ந்த மண்ணும். அந்த மண்ணின் சொந்தக்காரன் சிங்காரா மான்.

தோள் உயரம் இரண்டடிக்குச் சற்று மேல். எடை இருபது கிலோவைக் கொஞ்சம் தாண்டும். கண்ணிலிருந்து மூக்கு வரை இறங்கும் கருமையான கோடு. தண்ணீர் தேடித் தினமும் அலையாமல், தின்னும் இலையிலும் விடியற்காலைப் பனியிலும் இருக்கும் ஈரத்தைக் கொண்டே நாட்களைக் கடத்திவிடும் உயிர். இல்லாததை எண்ணி அது அழுவதில்லை. இருப்பதிலிருந்து எடுத்துக்கொள்கிறது!

அந்த மானைப் படமெடுக்கத்தான் போனேன். முதல் ஞாயிறு. 'சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்' என்று எல்லோரும் சொல்லும் பாடத்தை அப்படியே பின்பற்றினேன். மான் பழுப்பு, புல் பழுப்பு, மண்ணும் பழுப்பு. படத்தில் மானைத் தேட வேண்டியிருந்தது.

இரண்டாம் ஞாயிறு. கிட்டே போனால் கிடைக்கும் என்று வண்டியை நெருக்கினேன். மான் முன்னங்காலால் தரையைத் தட்டியது, மூக்கால் சீறியது, வாலைச் சுழற்றியது. மறு நொடி ஓட்டம். என் கேமராவில் விழுந்தது புழுதி மட்டுமே.

மூன்றாம் ஞாயிறு. அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. தரை சூடேறி, காற்று கானலாய் நெளிந்தது. கொதிக்கும் தண்ணீருக்குள் பார்த்ததுபோல எல்லாப் படமும் கலங்கியிருந்தது.

அன்று திரும்பி வரும் வழியெல்லாம் என்ன புலம்பினேன் தெரியுமா? 'பழைய கேமரா, செகண்ட்ஹேண்ட் லென்ஸ். காசு இருக்கிறவனுக்குத்தான் இதெல்லாம்.' இரவு உட்கார்ந்து மூன்று வாரத்துப் படங்களையும் வரிசையாகப் பார்த்தபோது செவிட்டில் அறைந்ததுபோல இருந்தது. நின்ற இடம் தவறு. நெருங்கிய விதம் தவறு. போன நேரம் தவறு. மூன்றில் ஒன்றாவது லென்ஸ் செய்த தவறா? மூன்றும் என்னுடையவை!

அந்த இரவில் நான் அழவில்லை தம்பி, துள்ளினேன்! தவறு லென்ஸில் இருந்திருந்தால் லட்ச ரூபாய் சேரும்வரை காத்திருக்க வேண்டும். தவறு என்னுடையது என்றால் அடுத்த ஞாயிறே திருத்திவிடலாமே! பிறர்மேல் பழி போடுகிறவன் தன் வெற்றியின் சாவியையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறான். 'என் தவறு' என்று சொல்லும் துணிவு வந்த நொடியில் சாவி உன் கைக்குத் திரும்பி வருகிறது. இதற்குத்தான் தன்னம்பிக்கை என்று பெயர்!

நான்காம் ஞாயிறு. விடியலில் உள்ளே போனோம். சூரியன் எழும் திசைக்கு எதிரே, வண்டியின் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். காற்று மானிருக்கும் பக்கத்திலிருந்து எங்களை நோக்கி வீசியது. பேச்சில்லை, அசைவில்லை. முக்கால் மணி நேரம். முள்மரத்தின் மறைவிலிருந்து ஒரு கிடா தானாகவே வெளியே வந்தது. கேமரா காட்டிய அளவைவிட வெளிச்சத்தை ஒரு படி குறைத்தேன். தாழ்ந்த வெயில் அதன் பின்னாலிருந்து பாய்ந்தது. முதுகின் ஓரம் முழுவதும் பொற்கோடு. காதுகள் இரண்டும் மாந்தளிர் நிறத்தில் ஒளிர்ந்தன. உள்ளே ஓடும் நரம்புகூடத் தெரிந்தது. கொம்பின் வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதே பழைய கேமரா! அதே செகண்ட்ஹேண்ட் லென்ஸ்!

படம் எடுத்த பிறகும் அது ஓடவில்லை, குனிந்து மேய்ந்தது. அதுதான் எனக்குக் கிடைத்த பரிசு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிர் அது. அதை மிரட்டி எடுக்கும் படம் வெற்றியாகாது. முன்னேறத் துடிக்கும் நீயும் இதை நெஞ்சில் எழுதி வை: யாரையும் விரட்டாமல், யாரையும் மிதிக்காமல் வாங்கும் வெற்றிதான் நிலைக்கும்!

கருவி இல்லை என்கிறாயா? மா. கிருஷ்ணனை நினைத்துப் பார். 1912-இல் பிறந்த தமிழர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். யானையையும் காட்டெருமையையும் மானையும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்த மேதை. வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தன் கையாலேயே ஒரு கேமராவைப் பூட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரும் வைத்தார். அதைத் தூக்கிக்கொண்டு காடு காடாக நடந்தார். 1950-இல் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-இல் மறையும்வரை எழுதினார். பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. கடையில் இல்லாததைத் தானே செய்துகொண்டவர் அவர். கடையில் இருப்பதை வாங்க முடியவில்லை என்று நாம் கலங்கலாமா?

நாம் வாழும் ஊரையும் பார். வெளிநாட்டுப் பெனிசிலினை நம்பியிருந்த நாடு, 1954-இல் இந்த பிம்ப்ரியில்தான் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தை எழுப்பியது. மறு ஆண்டே மருந்து உற்பத்தி தொடங்கியது. 'நம்மால் ஆகுமா' என்ற கேள்விக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொன்ன மண்ணில் நின்றுகொண்டு அதே கேள்வியை நீ கேட்கலாமா?

சூரியன் யாரிடமும் சம்பளச் சீட்டு கேட்பதில்லை. பத்து லட்ச ரூபாய் லென்ஸின் மேலும் என் பழைய லென்ஸின் மேலும் விழுவது ஒரே வெயில்தான். அந்த வெயிலை வாங்க முடியாது, சேர்த்து வைக்கவும் முடியாது. அது வரும் நேரத்தில், வரும் இடத்தில் நீ இருக்க வேண்டும். அவ்வளவுதான்! அதற்குக் கண் கூசினாலும் எதிரே நிற்கும் நெஞ்சுரம் போதும்.

உன் மான் எதுவோ எனக்குத் தெரியாது. தேர்வாக இருக்கலாம், தொழிலாக இருக்கலாம், நீ பாதியில் விட்ட படிப்பாக இருக்கலாம். தோற்ற மூன்று ஞாயிறுகளையும் இன்றிரவே எடுத்துப் பரப்பு. நின்ற இடம், நெருங்கிய விதம், போன நேரம், மூன்றையும் நேர்மையாகப் பார். பிறகு மூன்றரைக்கு அலாரம் வை. கைக்கு எட்டாத தூரத்தில் வை. எழுந்து நடந்துபோய் அதை அணை. அணைத்த பிறகு கட்டிலின் பக்கம் திரும்பாதே. கதவைத் திற. புறப்படு!