ஈரத்தை மறைத்த குவியல்

கடைத்தெருவிலே ஒரு தானியக் குவியல். அவ்வழியே சென்ற பெருமானார் (ஸல்) அவர்கள் அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் தட்டிற்று. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய அண்ணலார், ஏமாற்றுவோர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான இந்நிகழ்ச்சியை நாம் வணிகத்துக்கு மட்டுமே உரியதாகக் கருதிவிடுகிறோம். கதை சொல்வோனுக்கும் அது பொருந்துமா?

இவ்வினாவை நம் உள்ளத்தில் எழுப்பியவன் ஒரு மாணவன். ஸ்டீவன் ஸோடர்பெர்க் இயக்கி 2001இல் வெளிவந்த 'ஓஷன்ஸ் இலெவன்' என்னும் அமெரிக்கப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "ஹஜ்ரத், மற்றதெல்லாம் பொருந்துகிறது, அந்தத் தாள்கள் மட்டும் உள்ளே எப்படிப் போயின?" என்று கேட்டான். அவன் பொருட்டு நாமும் அதைப் பார்த்தோம்.

லாஸ் வேகஸ் நகரில் மூன்று சூதாட்ட விடுதிகளின் பணம் நிலத்தடிப் பெட்டகம் ஒன்றில் இருக்கிறது. பதினொருவர் கூடி, 15 கோடி டாலருக்கும் மேற்பட்ட அத்தொகையைக் கவர்கின்றனர். பெட்டகம் கொள்ளை போவதை உரிமையாளன் கண்காணிப்புத் திரையில் காண்கிறான். பணப்பைகள் வண்டியில் ஏற்றப்படுவதையும் காண்கிறான். காவல் படையை அழைக்கிறான். ஆனால் அவன் அழைப்பு சென்றதோ கும்பலின் செவிக்கே. வந்த படையும் கும்பலே. மெய்யான பணத்தைச் சுமந்து வெளியேறியவர்கள் அவர்கள்தாம். வண்டியைப் பிடித்துப் பைகளைத் திறந்தால் வெறும் விளம்பரத் துண்டுத்தாள்கள்! திரையில் அவன் கண்டது, போலிப் பெட்டகம் ஒன்றில் முன்னரே எடுத்துவைத்த படம்.

போலிப் பெட்டகம் கட்டப்படுவதைப் படம் நமக்கு மறைக்கவில்லை. பயிற்சிக்குத்தானா என்ற கேள்விக்கு, ஆம் என்று முழுமையாகச் சொல்லாமல் நழுவும் விடையே வருகிறது. அதைப் பயிற்சிக்கென்று கொண்டவர்கள் நாம்தாம். அரபு அணி இலக்கணத்தார் இதனைத் 'தவ்ரியா' என்பர். ஒரு சொல்லுக்கு அண்மைப் பொருளும் சேய்மைப் பொருளும் இருக்க, கேட்பவன் அண்மைப் பொருளைக் கொள்வான் என்றறிந்தே சேய்மைப் பொருளைக் கருதிச் சொல்வது அது. நம் சிலேடைக்கு உறவினது. ஹிஜ்ரத் பயணத்தில், உடன் வருபவர் யார் என்று வினவப்பட்டபோது, எனக்கு வழிகாட்டுபவர் என்றார்கள் அபூபக்ர் (ரலி). கேட்டவர் பாலைவன வழி என எண்ணினார். சொன்னவர் கருதியது நன்மையின் வழி. இங்கே பொய்யில்லை.

ஆனால் அந்தத் தாள்கள்? படையாக வந்தோர் நுழையுமுன்பே தாள் நிறைந்த பைகள் பெட்டகத்திலிருந்து வெளியேறிவிட்டன. அதற்குமுன் உள்ளே புகுந்தவர் மூவர்: பணவண்டியில் ஒளிந்து சென்றவன் ஒருவன், மின்தூக்கிக் குழாய் வழியே இறங்கியோர் இருவர். அத்தனை தாள்களை அவர்கள் கொண்டுசென்றதைக் காட்டும் காட்சி படத்தில் இல்லை. ஹதீஸ் கலையில், அறிவிப்பாளர் வரிசையின் குறையை மறைத்து, நேரில் கேட்டது போலத் தோன்றும்படி அறிவிப்பதைத் 'தத்லீஸ்' என்பர். சரக்கின் குறையை மறைப்பதற்கும் ஃபிக்ஹ் நூலார் வழங்கும் சொல் இதுவே. தத்லீஸ் செய்பவர் "இன்னாரிடமிருந்து" என்று மட்டும் சொன்னால் அறிஞர் பலர் ஏற்பதில்லை. "நான் செவியேற்றேன்" என்று அவர் வெளிப்படச் சொல்லவேண்டும். மாணவன் கேட்டதும் அதைத்தான். படத்தின் விரைவும் இசையும் மேலே பரப்பிய உலர்ந்த தானியம். அவன் விரலில் ஈரம் தட்டிவிட்டது. போலிப் பெட்டகம் நம்மை வென்ற திறமை. தாள்களோ நம்மிடம் மறைத்த குறை.

எனினும் அவனும் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றுண்டு. பெட்டகத்தில் இருள் சூழ்ந்தபோது அவன் யாருக்காகப் பதறினான்? நாமும் யாருக்காகப் பதறினோம்? ஒளிப்பதில் பயனில்லை: திருடர்கள் தப்பவேண்டும் என்றே நம் நெஞ்சும் விழைந்தது. இதை அவனிடம் சொன்னபோது, "சூதாட்டப் பணம்தானே, ஹஜ்ரத்" என்றான். ஹராமான வழியில் வந்த பொருள், திருடியவனுக்கு ஹலாலாகிவிடுவதில்லை. அது உரியவரிடம் திரும்பவேண்டும், அவரை அறிய இயலாவிடின் அறத்துக்குச் செல்லவேண்டும் என்பது நாம் ஓதிய சட்டம். அதை ஓதிக்கொடுக்கும் நாமே இரண்டு மணி நேரம் அதை மறந்திருந்தோம். உரிமையாளனைக் கொடியவனாகக் காட்டி, திருடர்க்கு நகைச்சுவையும் நட்பும் ஈந்து, பணம் யாருடையது என்ற கேள்வியிலிருந்து நம் கண்ணைத் திருப்பிவிட்டனர். தாள்களின் ஓட்டையைவிடப் பெரிய ஓட்டை இது. படத்தில் அன்று, நம்மில் விழுந்தது.

அவ்வாறாயின் வஞ்சகர் கதையே கூடாதா? மதரஸாக்களில் ஓதப்படும் மகாமாத்தின் நாயகன் அபூஸைத் ஒரு வஞ்சகனே. உருக்கமாக உபதேசித்துப் பொருள் திரட்டி, பின் மறைவில் மதுவுடன் அமர்பவன். ஹிஜ்ரி 516இல் மறைந்த ஹரீரி, கற்பனைக் கதை எழுதியதற்கு முன்னுரையிலேயே விளக்கம் தந்தார். செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்றார். அதனினும் மேலாக, ஹாரிஸ் என்னும் கதைசொல்லியைப் பக்கத்தில் நிறுத்தினார். அபூஸைதின் நாவன்மையில் ஹாரிஸ் மயங்குவான். ஆயினும் அவனை இனங்கண்டு கடிந்தும் கொள்வான். ஐம்பதாம் மகாமாவில் அபூஸைத் தவ்பா செய்கிறான். நாம் பார்த்த படத்தில் ஹாரிஸ் இல்லை.

ஆகவே பெற்றோர்க்கு நாம் சொல்வது இது. இப்படங்கள் இன்று பிள்ளைகளின் கைப்பேசிக்கே வந்துவிட்டன. தடை மட்டும் போதாது. பார்த்த பிள்ளையிடம், தாள்கள் எப்படி உள்ளே போயின என்று கேளுங்கள். அவன் அறிவு கூர்மையாகும். பணம் யாருடையது என்றும் கேளுங்கள். முதல் கேள்வியை அவன் தானே கேட்பான். இரண்டாவதைக் கேட்க வீட்டில் ஒரு ஹாரிஸ் வேண்டும். அந்த இடத்தில் அமருமுன், நம் நெஞ்சக் குவியலுள்ளும் ஒருமுறை கையை நுழைத்துப் பார்த்துக்கொள்வோமாக.