தொழுத கையும் தொண்டு செய்யும் கையும்

கொல்கத்தாவில் குடியேறி வாழும் தமிழர் பலர் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. "தமிழ்நாட்டவரா நீங்கள்? வேலூர் உங்கள் ஊருக்கு அருகிலா?" என்று அண்டைவீட்டு வங்காளியர் ஆவலோடு கேட்பர். நோயுற்ற தந்தையையோ குழந்தையையோ அழைத்துக்கொண்டு, ஒரு நாளுக்கு மேலாக இரயிலில் பயணம் செய்து, காட்பாடியில் இறங்கிய நினைவே அவர்களுள் பலருக்குத் தமிழகத்தைப் பற்றிய முதல் நினைவாகும்.

அவர்கள் நாடிச் சென்ற கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை எண்ணுந்தோறும் பழைய ஐயம் ஒன்று எழுகின்றது. இறைவன் நோய் தீர்ப்பான் என்று நம்புவோர் மருத்துவமனை கட்டுவானேன்? மருந்தே தீர்க்குமெனின் வேண்டுதல் எதற்கு?

விவிலியத்தில் யாக்கோபு எழுதிய சிறு மடல் ஒன்று உள்ளது. உடையும் உணவுமின்றி வாடுவோனுக்கு ஒன்றும் ஈயாது, வாழ்த்து மட்டும் சொல்லி அனுப்புவதால் பயன் என்ன என்று அதன் இரண்டாம் அதிகாரம் கேட்கின்றது. நோயாளிக்கு எண்ணெய் பூசி அவனுக்காக வேண்டுமாறு ஐந்தாம் அதிகாரம் பணிக்கின்றது. செயலற்ற சொல்லைக் கடிந்தவரே வேண்டுதலையும் வலியுறுத்தினார். எனவே இவற்றுள் ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளுதல் அம்மடலின் கருத்தன்று.

1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், இளமையில் இந்நாட்டில் தங்கிப் பணியாற்ற விரும்பாதவர். திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஓர் இரவில் மூவர் ஒருவர் பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையிலிருந்த தம் மனைவியரைக் காக்குமாறு அவரை இறைஞ்சினர். அவரோ மருத்துவம் அறியாதவர். மருத்துவராகிய அவர்தம் தந்தையை ஆடவர் என்பதால் அவர்கள் ஏற்கவில்லை. பொழுது விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இறப்புகள் ஒரு நற்பணி பிறப்பதற்காகவே நேர்ந்தன என்று கூறுவது கொடுமை. ஆயினும், அந்த மூன்று அழைப்புகளையும் ஐடா அம்மையார் மறக்கவில்லை. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று திரும்பி, 1900-இல் ஒரே படுக்கையுடன் வேலூரில் பணி தொடங்கினார். 1902-இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி பிறந்தது. பிறர்க்காக வேண்டுவோன், தன்னால் ஆகும் பணிக்குத் தன்னையும் ஒப்படைத்தே வேண்டுகின்றான் என்பதற்கு இவ்வரலாறு சான்று.

அங்ஙனமாயின் தொண்டு ஒன்றே போதாதா? போதாது என்பதை மத்தேயு நற்செய்தியின் எட்டாம் அதிகாரம் உணர்த்தும். நூற்றுவர் தலைவன் ஒருவனின் ஊழியனைத் தொலைவில் நின்றே சொல்லால் குணமாக்கிய இயேசு பெருமான், தம்மிடம் வந்த தொழுநோயாளியைக் கை நீட்டித் தொட்டார். சொல்லே போதுமெனின் தொட்டது ஏன்? நோய் நீங்குமுன்னரே, ஊரார் தள்ளிவைத்த துயரை நீக்குதற்கு அன்றோ! நோயாளியை நோயாக மட்டும் காணும் கை எத்துணைத் திறமுடையதாயினும் அத்துயரைத் தீர்க்காது. அவனுக்காக மனமுருகி வேண்டியவன் அவனை எண்ணாகக் காணமாட்டான்.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் அழிவதற்குக் காரணம் சதை தானே அழுகுவதன்று, வலியுணர்வு அற்றுப்போனதால் சுடுவதும் கிழிவதும் தெரியாமையே என்று அவர் கண்டறிந்தார். மடங்கிய விரல்கள் மீண்டும் இயங்குமாறு தசைநாண்களை மாற்றிப் பொருத்தினார். பிறர் தொட அஞ்சிய கைகளை நாள்தோறும் ஏந்தி ஆராய்ந்ததனாலன்றோ அவ்வுண்மை புலப்பட்டது!

இனி, வேண்டியும் நோய் தீராவிடின் என் செய்வது? "உன் நம்பிக்கை போதவில்லை" என்று நோயாளியைக் குறை கூறுவாரும், மருந்தை நிறுத்தச் சொல்வாரும் உளர். இஃது அன்பன்று, துன்புற்றவர் மேல் சுமத்தும் இரண்டாம் சுமை. வேலூரில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். அவை மீளவே இல்லை. ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் உடல் முடங்கியோர்க்கான மறுவாழ்வுப் பணியை முன்னின்று நடத்தினார். நோய் நீங்குதல் வேறு, நலம் பெறுதல் வேறு என்பதை அவர் வாழ்வு காட்டும்.

ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. தாயின் நோயைத் தொலைபேசியில் கேட்டு, "உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன் அம்மா" என்பதற்கு மேல் செய்ய இயலாமல் நின்ற இரவு நம்மில் பலர்க்கும் உண்டு. அன்று அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர், நாம் பெயரளவில் மட்டும் அறிந்த அண்டைவீட்டார் ஒருவராக இருந்திருக்கலாம். அவருக்கு நாம் பட்ட கடனை அவரிடமே தீர்க்க வாய்ப்பு அமையாது போகலாம். ஆனால் இந்நகரில் நம் அடுத்த வீட்டிலும் ஒரு தாய் நோயுற்றிருக்கக்கூடும். அவர் மகன் தொலைவில் எங்கோ இருக்கக்கூடும். எம்மதத்தவராயினும் அவருக்காக வேண்டுவோம். வேண்டியபின், மருத்துவமனைக்கு எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்றும் கேட்போம்.