சினம் சாட்சி சொல்லலாம், தீர்ப்புச் சொல்லலாமா?

வாக்குச் சீட்டு ஒரு சிறு காகிதத் துண்டுதான். ஆயினும் அதைக் கையில் ஏந்தும் குடிமகன் அந்த ஒரு நொடியில் இருவேறு பொறுப்புகளை ஏற்கிறான். தன் வாழ்வில் நேர்ந்த இடர்களை எடுத்துரைக்கும் சாட்சியாகவும் நிற்கிறான். நாட்டை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு கட்டும் நீதிபதியாகவும் அமர்கிறான். வழக்குமன்றத்தில் இவ்விருவரும் ஒருவராய் இருக்க எந்தச் சட்டமும் இடந்தராது. மக்களாட்சி மட்டுமே இவ்விரு சுமைகளையும் ஒரே மனிதனின் தோளில் ஏற்றியிருக்கிறது.

சாட்சி சினங்கொள்வதில் தவறில்லை. அடிபட்டவன் பதறாமல் பேசவேண்டும் என்று நேர்மையுள்ள எவரும் கேட்பதில்லை. அவனுடைய பதற்றமே பல வேளைகளில் அவன் பட்ட அடிக்குச் சான்றாகிறது. ஆனால் நீதிபதியின் நிலை வேறு. சினங்கொண்ட வேளையில் காழி தீர்ப்பு வழங்கலாகாது என்பது ஃபிக்ஹு நூல்களைப் பயிலத் தொடங்கும் இளம் மாணவனும் அறிந்த விதி. அவ்விதியை விளக்கிய சட்ட அறிஞர்கள் கடும்பசி, தாகம், உறக்கக் கலக்கம், பெருங்கவலை ஆகியவற்றையும் சினத்தோடு சேர்த்தே எண்ணினர். அறிவின் முகத்தை மறைக்கும் திரை எதுவாயினும் அது தீர்ப்பைக் கெடுக்கும் என்பதே அவர்கள் கண்ட காரணம்.

அங்ஙனமாயின், சினத்தால் இடப்படும் வாக்கு அறத்தின்பாற்பட்டதா? தன்னை வஞ்சித்தவர்களைத் தண்டிப்பதற்காகவே ஒருவன் வாக்களித்தால், அவன் தன் உரிமையைப் பயன்படுத்தியவனா? தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பிழைபடக் கையாண்டவனா? இவ்வினாவை ஆராய இன்றைய பிரிட்டனைவிடப் பொருத்தமான களம் வேறில்லை எனலாம்.

அந்நாட்டின் அரசியல் நெடுங்காலம் இரு தூண்களின்மீது நின்றது. 1951ஆம் ஆண்டின் பொதுத்தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சியும் தொழிற்கட்சியும் சேர்ந்து ஏறத்தாழ 97 விழுக்காடு வாக்குகளைப் பெற்றன. 2024 ஜூலையில் நடந்த தேர்தலிலோ அவ்விரண்டும் சேர்ந்து பெற்றவை 58 விழுக்காட்டுக்கும் குறைவு. தூண்கள் ஒரே நாளில் சாய்ந்துவிடவில்லை. 1981இல் தொழிற்கட்சியின் மூத்த தலைவர்கள் நால்வர் வெளியேறிச் சமூக சனநாயகக் கட்சியைத் தொடங்கினர். அது லிபரல் கட்சியோடு கூட்டுச் சேர்ந்து 1983இல் 25 விழுக்காடு வாக்குகளைப் பெற்றும், 23 இடங்களையே அடைந்தது. அதைவிட இரண்டு விழுக்காடே மிகுதியாகப் பெற்ற தொழிற்கட்சிக்கு 209 இடங்கள் கிடைத்தன.

அதன் பின்னர் 1993இல், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்ற ஒற்றைக் கோரிக்கையோடு ஐக்கிய இராச்சியச் சுதந்திரக் கட்சி பிறந்தது. 'யூகிப்' என்று சுருக்கமாக வழங்கப்பெற்ற அதனைத் தொடக்கத்தில் பெரியவர்கள் எவரும் பொருட்படுத்தவில்லை. ஆயினும் 2014இல் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அது முதலிடம் பெற்றது. நாடளாவிய தேர்தல் ஒன்றில் இரு பெருங்கட்சிகளும் அல்லாத ஒன்று முந்தியது, நூறாண்டுகளுக்கும் மேலான காலத்தில் அதுவே முதன்முறை. மறு ஆண்டுப் பொதுத்தேர்தலில் அக்கட்சிக்கு ஏறத்தாழ 39 இலட்சம் வாக்குகள் விழுந்தன. கிடைத்ததோ ஒரே ஓர் இடம். 14½ இலட்சம் வாக்குகள் பெற்ற ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கோ 56 இடங்கள். 2016 ஜூன் 23இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 52 விழுக்காட்டினர் விலகலுக்கு ஒப்பினர். 2019இல் நைஜல் ஃபராஜ் 'பிரெக்சிட் கட்சி' என்ற பெயரில் மீண்டும் கொடியேற்றினார். 2021இல் அது 'ரிஃபார்ம் யூகே' எனப் பெயர் மாறியது. 2024 பொதுத்தேர்தலில் அக்கட்சி 41 இலட்சம் வாக்குகளும் ஐந்து இடங்களும் பெற்றது. 2025 மே மாதத்தில் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் 677 உறுப்பினர்களை வென்று பத்து மன்றங்களின் ஆட்சியைக் கைப்பற்றியது.

இக்கட்சி குடியேறிகளைப் பற்றிப் பேசும் பேச்சை அறிந்தவர்கள், இதற்கு வாக்களித்தோர் அனைவரையும் 'வெறுப்பாளர்கள்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட எண்ணுவதுண்டு. நம்மவர்களிடத்திலும் அப்போக்கு இருக்கிறது. சாட்சியை விசாரிக்காமலே விரட்டிவிடும் அவசரம் அது. சற்றுப் பொறுத்து அவன் சொல்லைக் கேட்போம்.

எசெக்ஸ் கடற்கரையில் கிளாக்டன் என்றோர் ஊர் உண்டு. ஒருகாலத்தில் கோடை விடுமுறைக்கு இலண்டன் தொழிலாளர்கள் திரளாக வந்து தங்கிய இடம். 2014இல் யூகிப் கட்சியின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் நாடாளுமன்ற உறுப்பினரை அனுப்பியது அத்தொகுதியே. ஏழு முறை தோற்ற ஃபராஜ் எட்டாவது முறையில், 2024இல், வென்றதும் அங்கேதான். அத்தொகுதியில் அடங்கிய ஜேவிக் என்னும் பகுதி 2010, 2015, 2019 ஆகிய மூன்று அரசுக் கணிப்புகளிலும் இங்கிலாந்திலேயே மிகவும் நலிந்த பகுதி எனக் குறிக்கப்பட்டது. ஆட்சிகள் மாறின, பட்டியலில் அதன் இடம் மாறவில்லை.

சாட்சி மேலும் சொல்கிறான்: 2008இல் வங்கிகள் சரிந்தபோது அவற்றைத் தாங்கப் பொதுப்பணம் இருந்தது, 2010க்குப் பின் எங்கள் ஊர் நூலகத்துக்கும் இளைஞர் மன்றத்துக்கும் மட்டும் பணம் இல்லாமற் போயிற்று. எங்களைச் சிக்கனமாக வாழச் சொன்ன நாடாளுமன்றத்தினரின் செலவுப் பட்டியல் 2009இல் வெளிவந்தபோது, மாளிகை அகழியைத் தூர்வாரிய செலவும் வாத்துக்கூட்டுக்கான செலவும் அதில் இருந்தன. நிகரக் குடியேற்றத்தை ஆண்டுக்கு ஒரு இலட்சத்துக்கும் கீழே கொணர்வோம் என்று 2010இல் வாக்குறுதி தந்தவர்களின் ஆட்சியிலேயே, 2023 ஜூன் வரையிலான ஓராண்டில் அது ஒன்பது இலட்சத்தைத் தாண்டியது. மருத்துவத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் 2023இல் எழுபத்தைந்து இலட்சத்தைக் கடந்தது. 2022 என்ற ஒரே ஆண்டில் மூன்று பிரதமர்கள் வந்தனர்; அவருள் ஒருவரின் ஆட்சி ஐம்பது நாள்கூட நீடிக்கவில்லை.

இவற்றுள் எது பொய்? ஒன்றுமில்லை. குடியேற்றத்தை நல்லதென்று கருதுவோரும், அதைக் குறைப்பதாகச் சொல்லிவிட்டுப் பெருக்கியது வாக்குத் தவறியதே என்பதை மறுக்க இயலாது. சாட்சி உண்மை பேசுகிறான்.

ஆனால் சாட்சி உண்மையானவன் என்பதாலேயே தீர்ப்பும் உண்மையாகிவிடுமா? இங்கேதான் சினத்தின் இயல்பை நாம் உணர வேண்டும். சினம் காயத்தைச் சரியாகக் காட்டும்; காயம் செய்தவனைக் காட்டுவதில் தடுமாறும். தொலைவில் இருக்கும் வலியவனைத் தேடிச் செல்லும் பொறுமை அதற்கில்லை. அருகில் இருக்கும் எளியவனே அதன் கைக்கு எட்டுகிறான். ஜேவிக்கின் தெருக்களைப் பழுதுபார்க்காமல் விட்டவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அல்லர். அவ்வட்டாரத்தில் குடியேறியோரே மிகச் சிலர். நூலகத்தை மூடிய ஆணையில் கையொப்பமிட்டவர் படகில் வந்த அகதி அல்லர். ஆயினும் குற்றப்பத்திரிகையில் பெயர் எழுதப்படுவது பெரும்பாலும் அவர்களுக்கே.

2024 ஜூலை 29இல் சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமியர் கொலையுண்டனர். நாட்டையே உலுக்கிய கொடுமை அது. கொன்றவன் படகில் வந்த ஒரு முஸ்லிம் என்ற பொய்ச்செய்தி பரவியது. பிடிபட்டவனோ வேல்ஸின் கார்டிஃப் நகரில் பிறந்தவன். மறுநாளே அவ்வூர்ப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. சில நாட்களில் ராதரம் நகருக்கருகே அகதிகள் தங்கியிருந்த விடுதிக்குத் தீ வைக்க முயன்றனர். துயரம் உண்மை, சினம் இயல்பு, தீர்ப்பு பொய். அதே வேளையில் நாமும் நீதி தவறலாகாது: ரிஃபார்ம் கட்சிக்கு வாக்களித்த 41 இலட்சம் பேரின் கைகளில் அக்கற்கள் இல்லை. கலகக்காரனின் குற்றத்தை வாக்காளன் தலையில் கட்டுவதும், கொலைகாரனின் குற்றத்தைப் பள்ளிவாசலின் தலையில் கட்டுவதும் ஒரே வகைப் பிழையே.

தீர்ப்பின் குறை பிறிதோர் இடத்திலும் வெளிப்படுகிறது. 2016இல் சினம் கேட்டது கிடைத்தது. 2020 ஜனவரி 31இல் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியது. ஆனால் காயம் ஆறிற்றா? குடியேற்றம் உச்சத்தைத் தொட்டது விலகலுக்குப் பின்னரே. 2024 தேர்தலில் வருமானவரி விலக்கு வரம்பை 20,000 பவுனாக உயர்த்துவோம் என்று ரிஃபார்ம் கட்சி அறிவித்தபோது, அதன் வரவு செலவுத் திட்டம் கணக்கில் ஒத்துவரவில்லை என நிதி ஆய்வுக் கழகம் எடுத்துக்காட்டியது. சினம் கொண்டவன் கணக்குப் பார்ப்பதில்லை. அவனிடம் வாக்குக் கேட்பவனும் அதை நன்கறிவான்.

இனி நம் பக்கம் திரும்புவோம். 2003 பிப்ரவரியில் ஈராக் போரை எதிர்த்து இலண்டன் வீதிகளில் பல இலட்சம் பேர் திரண்டனர். அடுத்த மாதமே நாடாளுமன்றம் 412க்கு 149 என்ற வாக்குகளால் போருக்கு ஒப்பியது. அமைதியாக நடந்து சென்று சொன்ன சொல் காற்றில் போயிற்று. அதன்பின் முஸ்லிம்கள் மிகுந்து வாழும் தொகுதிகளில் என்ன நடந்தது? ஜார்ஜ் கேலவே 2005இல் பெத்னல் கிரீன் தொகுதியிலும், 2012இல் பிராட்ஃபோர்டு மேற்கிலும், 2024 பிப்ரவரியில் ராச்டேலிலும் தொழிற்கட்சியை வீழ்த்தினார். 2024 பொதுத்தேர்தலில் காஸாவின் துயரை முன்வைத்து நின்ற நான்கு சுயேச்சைகள் தொழிற்கட்சியின் உறுதியான இடங்களைக் கவர்ந்தனர்.

இதுவும் எதிர்ப்பு வாக்கே. இதனைப் புகழ்ந்து, 'மானமுள்ள மக்கள் பாடம் புகட்டினர்' என்று எழுதும் பேனா, கிளாக்டனின் ஏழையைப் பற்றி 'அறியாமையில் உழல்பவன்' என்று எழுதுமாயின், அக்கையில் இரண்டு தராசுகள் இருக்கின்றன என்று பொருள். வாங்கும்போது ஓர் எடையும் கொடுக்கும்போது ஓர் எடையும் வைத்திருக்கும் வணிகனை நாம் என்னவென்று அழைப்போம்? இரு சாராரும் ஒரே கதவைத் தட்டித் திறவாமையால் வெளியே நின்றவர்கள். வேறுபாடு, வெளியே நின்றபின் அவரவர் யார்மீது கை ஓங்குகின்றனர் என்பதில்தான் இருக்கிறது. நியாயமான காரணத்துக்காக எழுந்த சினத்துக்கும் அதே சோதனை உண்டு. தன் தொகுதியின் வீட்டுவசதி, கல்வி, மருத்துவம் பற்றி எதுவும் சொல்லத் தெரியாத ஒருவனை ஒரே முழக்கத்துக்காகத் தேர்ந்தெடுத்தால், அங்கும் சாட்சியே நீதிபதியின் இருக்கையில் அமர்ந்துவிட்டான்.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. 'அமைதியாகச் சொன்னால் கேட்பாரில்லை. சினந்தால்தான் செவி சாய்க்கிறார்கள். பொதுவாக்கெடுப்பு நடத்துவதாக 2013இல் டேவிட் கேமரன் உறுதி கூறியதற்கு யூகிப்பின் வளர்ச்சி ஒரு காரணமன்றோ? அவ்வாறிருக்க, சினத்தைக் குறைகூறுவது வாயில்லாதவனின் கடைசி ஆயுதத்தையும் பறிப்பதாகாதா?' என்பர். இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டே விடை தேட வேண்டும்.

காழியைப் பற்றிய விதிக்கு மற்றொரு முகம் உண்டு. பசித்தவன் தீர்ப்பளிக்கலாகாது என்று சொல்லிவிட்டு அவனைப் பசியிலேயே விட்டுவைப்பது விதியைப் போற்றுவதாகாது. அவன் உண்பதற்கு வழிசெய்வது அவனை அமர்த்தியவர்களின் கடமை. மக்களே நீதிபதிகள் என்று ஒப்புக்கொண்ட ஒரு நாட்டில், அந்நீதிபதிகளை ஆண்டுக்கணக்கில் பசியிலும் புறக்கணிப்பிலும் வைத்திருந்துவிட்டு, தேர்தல் நாளில் 'நிதானமாகத் தீர்ப்பளியுங்கள்' என்பது ஏளனம். 2024இல் தொழிற்கட்சி 34 விழுக்காடு வாக்குகளைக் கொண்டு 650இல் 411 இடங்களைப் பெற்றது. 14 விழுக்காட்டினரின் குரலுக்கு ஐந்து இடங்கள். சாட்சிக் கூண்டிலேயே ஒருவனைப் பேசவிடாமல் தடுத்தால், அவன் நீதிபதியின் நாற்காலியை நோக்கிப் பாய்வதில் வியப்பென்ன?

எனவே பழி இரு கூறாகப் பிரிகிறது. சினம் மூளச் செய்தவர்களின் பழி பெரிது. அதற்காகச் சினந்தவனின் பொறுப்பு முற்றும் நீங்கிவிடாது. அவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று. என் காயத்துக்கு இவன் சொல்லும் காரணம் மெய்தானா? இவன் கேட்கும் தண்டனை உண்மைக் குற்றவாளியைச் சென்றடையுமா, என்னினும் எளியவனைச் சென்றடையுமா? நாளை அதிகாரம் கைக்கு வந்தபின் கட்டியெழுப்ப இவனிடம் என்ன இருக்கிறது? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் அவன் யாருக்கு வாக்களித்தாலும் அது தீர்ப்பு. காணாமல் அளித்தால் அது இன்னுமொரு சாட்சியமே.

ரிஃபார்ம் என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சீர்திருத்தம் என்பது பொருள். அரபு மொழியில் இதற்கு 'இஸ்லாஹ்' என்பர். சமாதானத்தைக் குறிக்கும் 'ஸுல்ஹு' என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததே. கெட்டதைச் சீர்செய்வதும் பிரிந்தோரைச் சேர்த்துவைப்பதும் ஒரே வினையின் இரு பக்கங்கள் என்று அம்மொழி கருதியது போலும். அப்பெயர் தாங்கிய கட்சி பத்து மன்றங்களின் கணக்கேடுகளைக் கையில் வாங்கியபோது, அக்கட்சிக்கும் உண்மைச் சோதனை தொடங்கியது. அம்மன்றங்களுள் பெரியனவாகிய கவுண்டி மன்றங்களின் பணத்தில் பெரும்பகுதி முதியோர், ஊனமுற்றோர், ஆதரவற்ற குழந்தைகள் ஆகியோரின் பராமரிப்புக்கே செல்கிறது. முழக்கத்தால் நிரம்பாத ஏடு அது.

சவுத்போர்ட்டில் பள்ளிவாசலின் சுவர் இடிக்கப்பட்ட மறுநாள் காலையில், அவ்வூர்க் கொத்தர்களும் அண்டை வீட்டாரும் செங்கல்லும் சாந்துமாக வந்து அதனை மீண்டும் எழுப்பினர். சிறுமியரை இழந்த துயரம் அவர்களுக்கும் இருந்தது, சினமும் இருந்திருக்கும். ஆயினும் அவர்கள் தம் கைகளுக்கு வேறு வேலை கொடுத்தார்கள்.