துக்கத்தை வரையலாமா?

சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு நம்மில் பலர் தீமிதிக்கோ வெள்ளிக்கிழமை பூஜைக்கோ போயிருப்போம். அங்கிருந்து சில நிமிட நடையில் சாகோ லேன். அந்தப் பெயர் நம் தமிழ்க் காதில் வேறு மாதிரி விழும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியில் இருந்த ஜவ்வரிசி ஆலைகளால் வந்த பெயர்தான் அது. இருந்தாலும் சாவுக்கும் அந்தத் தெருவுக்கும் நிஜமாகவே தொடர்பு இருந்தது. சீனர்கள் அதை 'இறந்தவர் தெரு' என்றே சொன்னார்கள். நெரிசலான கடைவீடுகளில் வாழ்ந்த, குடும்பம் இல்லாத தொழிலாளிகள் தங்கள் கடைசி நாள்களைக் கழிக்க அங்கிருந்த 'சாவு வீடு'களுக்குப் போனார்கள். 1961ல் அந்த வீடுகள் தடை செய்யப்பட்டன.

சாவு வீடுகளைச் சுற்றி ஈமச் சடங்குப் பொருள் விற்கும் கடைகள் இருந்தன. மூங்கில் சட்டத்தில் வண்ணக் காகிதம் ஒட்டி, கதவு ஜன்னல் எல்லாம் வைத்து, அழகான வீடு செய்வார்கள். செய்து முடித்ததும் இறந்தவர் பெயரில் எரித்துவிடுவார்கள். எரிக்கப்போகிற ஒன்றை எதற்கு இவ்வளவு அழகாகச் செய்யணும்? மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிக்கிற எனக்கு இது ரொம்ப நாள் புரியாத கணக்கு. இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நாம் இழந்தவரை, இழக்கப்போகிறவரைப் படமாக வரைவது சரியா? அது அவரைப் பிடித்துவைத்துக்கொள்வதா, இல்லை வழியனுப்புவதா?

நம் வழக்கமே இதில் இரண்டு பக்கமும் நிற்கிறது. துக்க வீட்டு வாசலில் கோலம் போடமாட்டோம். உடலை எரிக்கிறோம், சாம்பலைக் கடலில் கரைக்கிறோம், தேடிப்போய் நிற்க ஒரு கல்லறைகூட வைத்துக்கொள்வதில்லை. ஆனால் அதே வீட்டு ஹாலில் மாலை போட்ட படம் ஒன்று தொங்கும், அதன் முன்னால் விளக்கு எரியும். போகச் சொல்கிறோம், முகத்தை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

ஓவியக்கலையே இப்படித்தான் பிறந்தது என்று நம் பழைய நூல் ஒன்று சொல்கிறது. நக்னஜித் எழுதியதாகச் சொல்லப்படும் 'சித்திரலட்சணம்' இன்று திபெத்திய மொழிபெயர்ப்பில்தான் கிடைக்கிறது. அதில் ஒரு கதை. ஓர் அந்தணரின் மகன் அகாலத்தில் இறந்துபோகிறான். அவர் அரசனிடம் வந்து முறையிட, அரசன் யமனோடு போருக்கே போய்விடுகிறான். பிரம்மா குறுக்கே வந்து, அந்தப் பிள்ளையின் உருவத்தை வரையச் சொல்கிறார். வரைந்த படத்துக்கு உயிர் கொடுக்கிறார். உலகின் முதல் ஓவியம் அதுதான் என்கிறது நூல். அதாவது முதல் ஓவியம் வரையப்பட்டது அழகுக்காக இல்லை, பிள்ளையை இழந்த ஒரு தகப்பனுக்காக.

போன வருஷம் என் தாத்தாவின் கடைசி வாரங்களில், அவர் தூங்கும்போது நான் அவர் கைகளை வரைந்தேன். இதைப் பார்த்த அம்மா ஒருநாள் கேட்டார்: "தாத்தா கையை வரைஞ்சுக்கிட்டு இருக்கியே, அந்தக் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கக் கூடாதா?" அம்மா கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி மனசில் நின்றுவிட்டது. வரைகிறவன் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டியிருக்கிறது. அந்தத் தள்ளி உட்காருதலில் அன்பு குறைந்துபோகிறதா?

அம்மா பக்கத்துக்குப் பலமான சாட்சி ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சு ஓவியர் மோனே. 1879ல் மனைவி கமீல் இறந்தபோது, மரணப்படுக்கையில் கிடந்த அவர் முகத்தை மோனே வரைந்தார். பல வருஷம் கழித்து நண்பர் கிளெமன்சோவிடம் சொன்னார்: அன்பு மனைவியின் முகத்தில் மரணம் கொண்டுவந்த நிறமாற்றங்களைத் தன் கண் தானாகவே அளந்துகொண்டிருந்தது என்று. அவருக்கே அது அச்சமாக இருந்திருக்கிறது. கையில் கைபேசியோடு துக்க வீட்டுக்குப் போகும் நம் தலைமுறைக்கு இந்த அச்சம் புரிய வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில், நான் குருவாக நினைத்துப் பார்த்துப் பழகும் கேத்தே கோல்விட்ஸ். 1867ல் பிறந்த ஜெர்மானியப் பெண். கணவர் கார்ல், பெர்லினில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில் மருத்துவர். அங்கே வந்த தாய்மார்களின் துயரத்தைத்தான் அவர் வரைந்தார். 1903ல் இறந்த குழந்தையை அணைத்திருக்கும் தாயை வரைய, ஏழு வயது மகன் பீட்டரை மடியில் வைத்துக் கண்ணாடி பார்த்து வரைந்தார். 1914ல், பதினெட்டு வயதில், போருக்குப் போக பீட்டருக்குப் பெற்றோர் அனுமதி தேவைப்பட்டது. தயங்கிய கணவரைச் சம்மதிக்க வைத்தவர் கேத்தே. அந்த அக்டோபரிலேயே பீட்டர் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டான்.

அவனுக்காக ஒரு நினைவுச்சின்னம் செய்யத் தொடங்கினார். முடிந்தது 1932ல். முதலில் மகன் படுத்திருப்பது போலவும் பெற்றோர் அருகில் இருப்பது போலவும் திட்டமிட்டார். கடைசியில் மகனின் உருவத்தையே எடுத்துவிட்டார். முழந்தாளிட்ட தாயும் தகப்பனும் மட்டும் மிஞ்சினார்கள். மகனைப் பிடித்துவைத்துக்கொள்ளத் தொடங்கிய வேலை, அவனை விட்டுவிடுவதில் முடிந்தது. பிடிப்பதா விடுவதா என்ற என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான். இரண்டும் ஒரே வேலையின் தொடக்கமும் முடிவும்.

'ஆத்மா அழியாதது, பிறகு எதற்கு அழுகை?' என்று நம்மில் சிலர் கேட்கலாம். கீதையின் உபதேசம் பெரிய உண்மைதான். ஆனால் ராமர் ஜடாயுவுக்காக அழுதாரே! அழுதுவிட்டு, ஒரு மகன் செய்வது போலத் தன் கையாலேயே ஈமக்கடனும் செய்தார். வேடன் அம்பில் கிரௌஞ்சப் பறவை விழ, அதன் துணை கதறியதைப் பார்த்த வால்மீகியின் சோகம்தான் சுலோகம் ஆனது என்று நாம் சின்ன வயசிலிருந்தே கேட்டிருக்கிறோம். நாட்டிய சாஸ்திரம் சோகத்தையும் கருண ரசத்தையும் பிரித்துச் சொல்கிறது. சோகம் ஒருவர் மனசில் கிடக்கும் வலி. அதைக் கலையாக்கி, யாரென்றே தெரியாத இன்னொருவர் உணரும்போது அது கருணம். வால்மீகிக்கு அந்தப் பறவை சொந்தமா என்ன?

இதற்கு நம் காலத்துக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1931ல் சீன எழுத்தாளர் லூ ஷுன், தன் இளம் நண்பர் ரௌ ஷி சுட்டுக் கொல்லப்பட்டதும் அஞ்சலி எழுத வழியில்லாமல் தவித்தார். அப்போது கோல்விட்ஸின் மரவெட்டு ஓவியம் ஒன்றை ஷாங்காய்ப் பத்திரிகையில் வெளியிடச் செய்தார். ஒரு தாய் கண்களை மூடி, குழந்தையை நீட்டிக் கொடுக்கும் படம் அது. ரௌ ஷியின் தாய் பார்வை இழந்தவர். பெர்லினில் ஒரு தாய் வரைந்தது ஷாங்காயில் இன்னொரு தாயின் துக்கமாக நின்றது. அவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்ததே இல்லை.

ஆகவே, துக்கத்தை வரையலாமா என்பதைவிட, யாருக்காக வரைகிறோம் என்பதுதான் சரியான கேள்வி என்று நினைக்கிறேன். எனக்கு நானே மூன்று விதி வைத்துக்கொண்டேன். ஒன்று, கடமை முதலில். தண்ணீர் கொடுக்கவும் கை பிடிக்கவும் ஆள் தேவைப்படும் நேரத்தில் பென்சில் கீழே இருக்கணும். இரண்டு, அவர் நல்ல நிலையில் இருந்தால் தன்னை இப்படிக் காட்டச் சம்மதிப்பாரா என்று கேட்டுக்கொள்ளணும். முகத்தில் குழாயோடு கிடப்பவரைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புவது வழியனுப்புதல் ஆகாது. மூன்று, படத்தில் என் திறமை முதலில் தெரிந்தால், அந்தப் படம் இன்னும் முடியவில்லை.

காகித வீட்டுக் கணக்கும் இப்போது புரிகிறது. எரியப்போகிறது என்று தெரிந்தும் கதவு ஜன்னலைச் சரியாக வைப்பது, போகிறவருக்குக் கொடுக்கும் மரியாதை. அந்தக் கவனம்தான் காணிக்கை, பொருள் அல்ல. என் டிராயிங் வகுப்பில் ஒரு கோடு போடுவதற்கு முன் பொருளைப் பத்துத் தடவை பார்க்கச் சொல்வார்கள். தாத்தாவின் வலது கட்டைவிரலில் இருந்த பழைய வெட்டுத் தழும்பை, இருபது வருஷம் அந்தக் கையைப் பிடித்து நடந்தும், வரைந்தபோதுதான் பார்த்தேன். மறுநாள் அவர் விழித்திருந்தபோது கேட்டேன். துறைமுகத்தில் வேலை பார்த்த நாள்களில் பட்ட காயம் என்று சொல்லி, அரை மணி நேரம் பேசினார். அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார். அந்தக் கதை அவருக்கும் புதுசு.

நண்பர்களே, நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. உங்கள் வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால், இந்த வாரம் ஒரு பென்சிலோடு அவர் எதிரில் உட்காருங்க. "கையைக் கொஞ்சம் காட்டுங்க, வரையணும்" என்று சொல்லுங்க. படம் எப்படி வந்தாலும் சரி, அவர் பேச ஆரம்பித்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்க.