வாசலில் நின்ற மண்டேஸ்வாமி

கொள்ளேகால் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மந்திரவாதிதான். செய்வினை வைக்கவும் வைத்ததை எடுக்கவும் அங்கேதான் போக வேண்டும் என்று கொங்கு நாட்டுத் திண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகப் பேசியிருக்கிறார்கள். கல்யாணப் பட்டு எடுத்தவர்களுக்கு மட்டும் வேறொரு கொள்ளேகால் தெரியும். 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்துக்குப் போகும்வரை அது கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு தாலுகா. சென்னை மாகாணத்தின் பட்டுப்புழு வளர்ப்பு பெரும்பாலும் இந்த ஒரு தாலுகாவில்தான் நடந்தது. இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது.

இப்படியொரு ஊரின் கடைவீதியை எப்படித் தூக்கி நிறுத்துவது? ரயில் கிடையாது. பெங்களூர்–கோவை சாலை ஊர் வழியாகத்தான் போகிறது. ஆனால் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து அந்தச் சாலையிலுள்ள திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. மாதேஸ்வரன் மலைக்குப் போகும் கூட்டம் கொள்ளேகாலில் பஸ் மாறி, ஒரு டீ குடித்துவிட்டு மேலே போய்விடுகிறது. எந்தச் சிற்றூருக்கும் வழக்கமாக எழுதித் தரப்படும் மருந்து, தரையில் கல் பாவுதல், அலங்கார விளக்கு, ஒரே நிறத்தில் கடைப் பலகை. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வீதி யாருடையது என்ற கேள்வி அதற்கு முந்தியது, அது ஆன்மிகக் கேள்வியும்கூட. அதைக் கேட்டவர் அந்த வட்டாரத்துச் சாமியான மண்டேஸ்வாமியே.

நீலகாரர்கள் தம்பூரி மீட்டிப் பாடும் மண்டேஸ்வாமி கதையில் கல்யாண நகரம் வருகிறது. பசவண்ணரின் ஊர்; சாதியை மறுத்து, உழைப்பையே வழிபாடாக்கிய சரணர்களின் ஊர். அங்கே மண்டேஸ்வாமி உடம்பெல்லாம் புண்ணும் நாற்றமுமாக, கள்ளும் இறைச்சியும் சுமந்துகொண்டு வருகிறார். வாசலிலேயே விரட்டுகிறார்கள். வந்தவர் யாரென்று கடைசியில் பசவண்ணருக்கும் அவர் மனைவி நீலம்மாவுக்கும்தான் தெரிகிறது. கொடுங்கோலன் ஆண்ட ஊர் ஒன்று இந்தச் சோதனையில் தோற்றிருந்தால் கதை சப்பென்று போயிருக்கும். சமத்துவத்தை வாய் ஓயாமல் பேசிய ஊர் தோற்கிறது. அதனால்தான் அது உறுத்துகிறது.

மண்டேஸ்வாமியின் சீடர் சித்தப்பாஜி, கொல்லர் வீட்டுப் பிள்ளை. கொள்ளேகாலை அடுத்த சிக்கல்லூரில் அவருக்கு ஜனவரிப் பௌர்ணமியை ஒட்டி ஐந்து நாள் ஜாத்திரை. குடும்பம் குடும்பமாக வந்து கூடாரம் அடித்து, கல் கூட்டி அடுப்பு மூட்டுகிறார்கள். கோழியோ ஆடோ அங்கேயே அறுத்து, குழம்பு வைத்து, சாமிக்குப் படைத்துவிட்டு வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பங்க்தி சேவை என்று பெயர். பக்கத்து அடுப்புக்காரர் எந்தச் சாதி என்று கேட்பதில்லை என்பதுதான் அதன் பெருமை. 1959ஆம் ஆண்டின் விலங்குப் பலித் தடைச் சட்டத்தைக் காட்டி அதிகாரிகள் ஆடு, கோழிகளைத் தடுக்க, இது பலி இல்லை, பந்திச் சாப்பாடு என்று பக்தர்கள் வாதாடுகிறார்கள். இலையில் என்ன இருக்கிறது என்று பார்த்து வாசலில் நிறுத்துவது கல்யாணத்துச் சரணர்கள் ஏற்கெனவே செய்த வேலை.

ஜாத்திரைச் சமத்துவம் ஜாத்திரையோடு சரி, கூடாரம் பிரித்ததும் அவரவர் அவரவர் தெருவுக்குத்தானே போகிறார்கள் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஜாத்திரை வருஷத்துக்கு ஒருமுறை செய்வதைக் கடைவீதி அரைகுறையாகவேனும் தினமும் செய்ய வேண்டியிருக்கிறது. முன்பின் தெரியாதவர்களைத் தோளோடு தோள் உரச வைக்கிறது. அது தானாக நடந்துவிடவும் இல்லை. வைக்கம் போராட்டம் நடந்த அதே 1924இல், ஆகஸ்ட் மாதம், பொதுத் தெருவிலும் கிணற்றிலும் எல்லாச் சாதியாருக்கும் உரிமை உண்டு என்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. கொள்ளேகால் அன்று அதே சென்னை ஆட்சியின் கீழ் இருந்தது. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகளைக் கொங்கு நாடு அதன்பிறகும் நெடுங்காலம் பார்த்தது. இன்று கொள்ளேகால் தனித்தொகுதி. 2018இல் பகுஜன் சமாஜ் கட்சியின் என். மகேஷ் அங்கே ஜெயித்து மாநில அமைச்சரும் ஆனார்.

புதுப்பிக்கிறவர்களுக்கு மதுரைப் புதுமண்டபம் நல்ல பாடம். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தைச் சீரமைக்க, தலைமுறைகளாக அங்கே இருந்த தையல்காரர்களையும் வளையல், பாத்திர, புத்தகக் கடைக்காரர்களையும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். சிற்பங்களைக் கண்ணாரப் பார்க்கலாம், சந்தோஷம்தான். ஆனால் தூண்களுக்கு நடுவே ஓடிய தையல் மிஷின் சத்தமும் அந்த மண்டபத்தின் பழமையில் சேர்த்திதானே!

கொள்ளேகாலில் அப்படி ஒரு மண்டபம் இல்லை என்பது ஒருவகையில் வசதி. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், ஊர் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் தரச் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 57,000 பேர் இருந்த ஊருக்கு அது ஏறக்குறைய 1,400 பேர். இடத்தைப் பிரிக்கும் நகர வியாபாரக் குழுவில் 40 சதவீதம் தெருவோர வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியாருக்கும் உரிய இடம் வேண்டும். வணிகர் சங்கத்துக்கும் அங்கே நாற்காலி உண்டு. பட்டுக்கடை முதலாளியும் செருப்புத் தைப்பவரும் பூக்காரம்மாவும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, எந்த முனை யாருக்கு என்று பேசித் தீர்க்க வேண்டும். கல் பாவும் டெண்டர் அதற்கப்புறம் போட்டால் போதும்.